புஸ்பராணி பார்த்து வாங்கிய துவக்கு

புஸ்பராணி தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. நெத்தலிக்குத் தலை கிள்ளுவதென்றாலும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கிள்ளுகிறவள். அப்படிப்பட்டவள் 1986 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலை உடுத்து, அதற்கு மேலே கணவனின் குளிர்ச்சட்டையையும் மாட்டிக்கொண்டு, ரொறன்ரோ டான்ஃபோர்த் தெருவில் இருந்த ஒரு துவக்குக் கடைக்குள் நுழைந்தாள். துவக்கு வாங்கத்தான். அதுவும் வெள்ளைக் கரடியைச் சுட்டு விழுத்தக்கூடிய துவக்கு.

சிரிக்காதீர்கள். காரணத்தைக் கேட்டால் நீங்களும் கூடவே போயிருப்பீர்கள்.

அவளுடைய கணவன் தங்கத்துரை சமையல்காரன். மட்டக்களப்பில் அரசாங்க விடுதி ஒன்றில் பெரிய பெரிய உத்தியோகத்தருக்கெல்லாம் சமைத்துப் போட்டவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இருவரும் ரொறன்ரோவுக்கு வந்து வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் குடியேறினார்கள். பிள்ளைகள் இல்லை. புஸ்பராணிக்கு ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தங்கத்துரை ஒரு உணவகத்தில் ஒரு வருடம் கோப்பை கழுவி, பிறகு பொரிக்கிற இடத்துக்கு உயர்ந்தான். உயர்ந்த மூன்றாம் மாதம் கொதித்த எண்ணெய்ச் சட்டி சரிந்து அவனுடைய வலது மணிக்கட்டில் கொட்டியது.

புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் சுருங்கி இழுத்துப் பிடித்துக்கொண்டது. விரல்கள் ஐந்தும் வேலை செய்யும், அகப்பை பிடிப்பான், வெங்காயம் வெட்டுவான், ஆனால் மணிக்கட்டைத் திருப்ப ஏலாது. கதவுக் குமிழைத் திறப்பதற்கும் இடது கைதான். உணவகத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தான் தங்கத்துரை. வேலை முடிந்து வருகிற மனைவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, யன்னலுக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் இருந்துவிடுவான். முன்பு ஓயாமல் பாட்டு முணுமுணுக்கிற மனிதன் அவன். அந்த வாய் அடைத்துப்போனதைத்தான் புஸ்பராணியால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் கல்யாணசுந்தரம் வந்தான். திருச்சிக்காரன், நிலத்துக்குள் என்ன உலோகம் கிடக்கிறது என்று தேடுகிற ஒரு நிறுவனத்தில் ரொறன்ரோ அலுவலக வேலை. கோயில் அன்னதானத்தில் தங்கத்துரை வைத்த சாம்பாரை மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, யார் சமைத்தது என்று தேடிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, ஹட்சன் குடாக் கரையில எங்க ஆளுங்க பத்துப் பேர் கூடாரம் போட்டு இருக்காங்க. அக்டோபர்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும். சமையல்காரர் வேணும். முழுச் சமையலறையும் உங்க கையில. ஒரே ஒரு விஷயம்தான்.”

அந்த ஒரே ஒரு விஷயம் வெள்ளைக் கரடி. கடல் உறைவதற்காகக் காத்துக்கொண்டு அந்த மாதங்களில் கரடிகள் கரையில் அலைந்துகொண்டிருக்குமாம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கூடாரத்தில் தனியே நிற்பது சமையல்காரன்தான். ஆகவே அவனிடம் சொந்தத் துவக்கும் பொலிஸ் கொடுத்த சான்றிதழும் இருக்கவேண்டும். துவக்குக்கு நிறுவனம் நானூறு டொலர் தரும். அதற்கு மேலே ஒரு சதமும் இல்லை.

சான்றிதழ் ஆறு வாரத்தில் வந்தது. செய்தி அடுக்குமாடி முழுக்க அதற்கு முதலே பரவிவிட்டது. மூன்றாம் மாடி அன்ரனெற் லிஃப்டுக்குள் வைத்து, “என்ன புஸ்பம், துவக்காம்? ஊருக்கோ அனுப்பப் போறியள்?” என்று காதுக்குள் கேட்டாள்.

“ஓம். கரடிமாருக்கு இயக்கம் தொடங்கப் போறம்,” என்றாள் புஸ்பராணி.

கடைக்குள் கால் வைத்ததும் அவளுக்குக் கண் பெரிதாகிவிட்டது. அம்மாடி, சுவர் முழுக்கத் துவக்குகள்! நீளமாக, கட்டையாக, கறுப்பாக, தேக்கு நிறத்தில். ஆனால் அங்கே அடித்த மணம் அவளுக்குப் பழகிய மணம். தொழிற்சாலையில் தினமும் மணக்கிற அதே மெசின் எண்ணெய். அதை மோந்த மாத்திரத்தில் பயம் பாதி போய்விட்டது.

கடைக்காரர் ஃபின்லாந்து நாட்டுக் கிழவர். மான் வேட்டைக்கென்று நினைத்துச் சிரித்த முகத்தோடு வந்தவர், வெள்ளைக் கரடி என்றதும் சிரிப்பை நிறுத்தினார். “எண்ணூறு, ஆயிரம் இறாத்தல் எடை,” என்றார் ஆங்கிலத்தில். “ஓடலாம் என்று நீ நினைக்கிற நேரத்துக்குள் அது வந்து சேர்ந்துவிடும். சின்னக் குண்டு அதற்கு நுளம்புக் கடி.” பெரிய தோட்டா ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்தினார். அது புஸ்பராணியின் நடுவிரலை விட நீளம். தேர்ட்டி-ஓட்-சிக்ஸ் என்று அதற்குப் பெயர். இருக்கிறதில் கனமான குண்டோடு இது, இதற்குக் கீழே எதையும் நம்பவேண்டாம் என்றார்.

பிறகு ஒரு துவக்கை இறக்கிக் காட்டினார். குளிருக்கு இதைவிட நம்பிக்கையானது இல்லை என்றார். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பக்கத்தில் இருக்கிற பிடியை மேலே திருப்பி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே திருப்பி மூடவேண்டும். அவர் செய்தபோது கண் மூடித் திறக்கும் நேரம். தங்கத்துரை செய்தபோது மணிக்கட்டு திரும்பவில்லை. திரும்பச் செய்தான். இடது கையால் செய்துபார்த்தான், துவக்கு தோளிலிருந்து வழுகியது. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது.

“சரி புள்ள, வா போவம்,” என்றான்.

“பொறுங்க,” என்றாள் புஸ்பராணி. “இது கைமெசின். பவர் மெசின் இல்லயா எண்டு கேளுங்க.”

“என்ன கதை இது?”

“கைமெசினுக்கு ஒவ்வொரு தையலுக்கும் கையால சுத்த வேணும். பவர் மெசின் தானே இழுத்துத் தானே தைக்கும். துவக்கில அப்பிடி இல்லாமலா இருக்கும்? கேளுங்க நீங்க.”

தங்கத்துரை கூச்சத்தோடு கேட்டான். கிழவர் மேசையில் அடித்துச் சிரித்தார். இருக்கிறது என்றார். செமி-ஓட்டோமெட்டிக். விசையை இழுக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு வெடி. அந்த வெடியின் புகையே உள்ளே இருக்கிற பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெடித்த தோட்டாவின் வெறும் கோதை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றி வைத்துவிடும். முதல் தரம் மட்டும் பிடியை நேராக இழுத்துவிட்டால் போதும், அதை இடது கையாலேயே செய்யலாம்.

“அப்ப வெடிச்ச வெடியே அடுத்த வெடிக்கு வேல செய்யுதா?” புஸ்பராணி வாயில் கை வைத்தாள். “கடவுளே, இத யோசிச்சவன்ட மூளைக்குத் திருநீறு பூச வேணும்.”

கிழவருக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. “இதில் பாகங்கள் கூட. ஊத்தை பட்டால் கோபித்துக்கொள்ளும். என் மகன் வடக்கே போனால் மற்றதைத்தான் கொடுப்பேன். ஆனால் இந்தக் கைக்கு இதை விட்டால் வழியில்லை,” என்றார்.

புதியவை எல்லாம் எட்டாத விலை. பாவித்தவை இரண்டு இருந்தன, இரண்டும் நானூறுக்குள். ஒன்று பளபளவென்று மினுங்கியது. மற்றது மரமெல்லாம் கீறல், யாரோ லொறிக்குப் பின்னால் கட்டி இழுத்த மாதிரி. தங்கத்துரையின் கை மினுங்கலுக்குப் போனது. ஆம்பிளைகளின் கை அங்கேதானே போகும்! புஸ்பராணி இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பாவித்த மெசின் வாங்கப் போனால் அவள் பெயின்ரைப் பார்க்கமாட்டாள், திருகாணியைத்தான் பார்ப்பாள். தெரியாத கை கழற்றியிருந்தால் திருகாணித் தலை சிதைந்திருக்கும். மினுங்கின துவக்கில் மூன்று தலைகள் மென்று துப்பினமாதிரி இருந்தன. கீறல் துவக்கில் ஒன்றுகூடச் சிதையவில்லை. பிடியை இழுத்து, உள்ளே விரலை விட்டு, உலோகம் உராய்கிற இடங்களைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன.

“இதுதான்,” என்றாள்.

கிழவர் அவளையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவுக்குத் தையல் வேலை அலுத்தால் என் கடைக்கு வரச் சொல் என்று தங்கத்துரையிடம் சொன்னார். அவன் அதைத் தமிழில் சொன்னபோது எட்டு மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு கிழவர் அவர்களை மில்லிக்கனுக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். தங்கத்துரை ஐந்து தரம் சுட்டான். முதல் வெடி காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்குள்தான் கேட்டது. முந்நூறு அடி தூரத்தில் தண்ணீர் நிரப்பி வைத்த கலன் இருந்த இடத்தில் வெறும் காற்று. அவனுடைய மணிக்கட்டு அசையவேயில்லை. கோதுகள் தாமாகத் துள்ளித் துள்ளிப் புல்லில் விழுந்தன. புஸ்பராணி ஓடிப்போய் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டாள், இன்னும் சூடு. இந்தச் சின்னச் சாமான் ஆயிரம் இறாத்தல் உயிரை நிறுத்துமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கிழவர் தங்கத்துரையிடம் முக்கியமான ஒன்றைச் சொன்னார். வடக்கே போவதற்கு முதல் துவக்குக்குள் இருக்கிற எண்ணெய் முழுவதையும் பெற்றோலால் கழுவித் துடைத்துவிடு, குளிரில் எண்ணெய் பசையாகிவிடும், காய்ந்தபடியே இருக்கட்டும். தங்கத்துரை சொன்னபடி செய்தான். மனைவியிடம் சொல்லத் தோன்றவில்லை. துவக்கைப் பார்த்து வாங்கினவளே அவள்தான் என்பதை மறந்துபோனான் அந்த மனிதன்.

பயணத்துக்கு முதல்நாள் ஆயுத பூசை. புஸ்பராணி வரவேற்பறையில் வெள்ளைத் துணி விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, தன் கத்தரிக்கோலையும் நூல் சுற்றிய பொபினையும், அவனுடைய கத்திகளையும் அகப்பையையும் அடுக்கினாள். நடுவில் துவக்கு. தங்கத்துரை கொத்தமல்லியும் மிளகாயும் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். தோட்டாக்கள் வேறு பெட்டியில் பூட்டிக் கிடந்தன. துணியால் துடைத்துக்கொண்டே பிடியை ஒருக்கால் இழுத்தாள். கரகரவென்றது.

“அடி ஆத்தே! ஒரு சொட்டு எண்ணெய் இல்ல!”

பாருங்கள், தொழிற்சாலையில் திங்கட்கிழமை காலை எண்ணெய் விடாமல் மெசினை ஓட்டுகிறவளைப் புஸ்பராணி மனிசியாகவே மதிக்கமாட்டாள். காய்ந்த மெசின் பாவம் என்பாள். கை நேரே அலுமாரியில் இருந்த மெசின் எண்ணெய்க்குத்தான் போனது. போன கை நின்றது. சாமிக்கு வைத்த சாமானுக்கு, அதுவும் பூசை நாளில், கண்ட நிண்ட எண்ணெயை விடுவதா? ஹீற்றருக்கு மேலே தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது, பளிங்கு மாதிரி உருகி. விளக்குக்கு விட்டதும் அதுதான். துவக்கின் வாய்க்குள் தாராளமாக விட்டாள். பிடியைப் பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்து இழுத்து விட்டாள். கரகரப்பு அடங்கி, பட்டுத் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வெளியே வழிந்ததைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமம் தீட்டினாள்.

“கண்ணகை அம்மா, இந்த மனுசன உன்ர கையில தாறன். எனக்கு வேற ஆரும் இல்ல,” என்று கும்பிட்டபோது கண்ணீர் வந்துவிட்டது.

தங்கத்துரை வந்து பொட்டைப் பார்த்துச் சிரித்தான். “கரடிக்கும் சாமி வரப்போகுது,” என்று சொல்லித் துவக்கை உறைக்குள் போட்டுக் கட்டினான். மறுநாள் யூனியன் ஸ்டேசனில் ரயில் ஏறினான். மூசோனிக்குப் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் ஏறி, அதற்கும் அப்பால்.

பதினொரு நாள் போனது. கல்யாணசுந்தரம் இடைக்கிடை தொலைபேசியில், “அண்ணன் நல்லா இருக்கார். ஆளுங்க எல்லாம் ரெண்டு சுத்து பெருத்துட்டாங்களாம்,” என்று சொல்வான். புஸ்பராணிக்கு அது போதும்.

பன்னிரண்டாம் நாள் காலை. வெளியே புல் வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடந்தது. வேலைக்குப் போவதற்குத் தலை வாரலாமென்று குளியலறை யன்னல் தட்டில் வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தாள். வரவில்லை. வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. இது ஒன்றும் புதிதில்லை, இந்த நாட்டுக்கு வந்த தமிழ்ச் சனம் முழுக்கச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கோப்பையில் சுடுதண்ணீர் பிடித்துப் போத்தலை அதற்குள் வைத்தாள். உள்ளே வெள்ளைக் கட்டி ஓரத்தில் இளகி மெல்லச் சரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சீப்பு கையிலிருந்து விழுந்தது.

ஏழாம் மாடியில், ஹீற்றர் ஓடுகிற வீட்டில் இப்படியென்றால், அங்கே?

கல்யாணசுந்தரத்தின் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தலையை வாராமல் அப்படியே முடிந்துகொண்டு, காலில் சப்பாத்து மாறிப் போட்டதும் தெரியாமல் வோர்டன் பஸ்ஸில் ஏறி, சப்வேயில் மாறி, நகரத்துக்குள் அவனுடைய அலுவலகத்துக்கு ஓடினாள். மூன்று வருடத்தில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாத முதல் நாள் அது.

கல்யாணசுந்தரம் கேட்டுவிட்டு நாற்காலியில் இருந்துவிட்டான். “அக்கா, அந்தத் துப்பாக்கி எண்ணெயே இல்லாம இருக்கணுமே. அண்ணன் கழுவித் துடைச்சுதானே எடுத்துட்டுப் போனார்.”

“கழுவித் துடைச்சவரா? எனக்குச் சொல்லல்லயே!” தலையில் அடித்துக்கொண்டாள். “இப்பவே கூப்பிடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

இப்போதே கூப்பிட வழியில்லை. கூடாரத்தில் தொலைபேசி கிடையாது, ரேடியோதான். மூசோனியில் இருக்கிற ஒருவர் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்த ரேடியோவை ரொறன்ரோத் தொலைபேசியோடு இணைத்துவிடுவார். இரண்டு நாளாக அதுவும் ஊமை. வடக்கே வானத்தில் பச்சை ஒளி ஆடுகிறதாம், அது ஆடுகிற நாட்களில் ரேடியோ பேசாதாம். இன்றைக்கு மாலை பேசினால் உண்டு.

நாள் முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். எதிர்ச் சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. ரொறன்ரோவைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி ஊர்ப் பெயர்கள். மேலே போகப் போக எழுத்துகள் குறைந்தன. மூசோனிக்கு அப்பால் எழுத்தே இல்லை, நீல நரம்புகளாக ஆறுகளும் பொட்டுப் பொட்டாகக் குளங்களும்தான். கல்யாணசுந்தரம் பென்சிலால் ஒரு புள்ளியைத் தொட்டான். அந்த இடத்துக்குப் படத்தில் பெயர் இல்லை, அங்கே காலங்காலமாக வாழ்கிற சனத்துக்குத்தான் பெயர் தெரியும் என்றான். இத்தனை பெரிய வெறுமையை அவள் கண்டதில்லை. அதற்குள் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் ஓர் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் மணிக்கட்டுத் திரும்பாத ஒரு மனிதன். அவனுக்குக் காவலாகக் கொடுத்த துவக்குக்குள் அவள் விட்ட எண்ணெய். முதலில் அவன் கையைத் தின்றதும் எண்ணெய்தான், இப்போது ஆளையே தின்னப்போகிறது என்று நினைத்தாள்.

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கல்யாணசுந்தரம் ஒலிபெருக்கியை அழுத்தினான். முதலில் இரைச்சல். மூசோனிக்காரரின் குரல் வந்து, ஒருவர் பேசி முடித்து ஓவர் என்று சொன்னால்தான் மற்றவர் பேசலாம் என்று ஞாபகப்படுத்தியது. பிறகு கூடாரத்துத் தலைவரின் குரல், ஆங்கிலத்தில். எல்லோரும் சுகம் என்றார். புஸ்பராணிக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. கல்யாணசுந்தரத்தின் முகம் மாறிக்கொண்டு போவதைப் பார்த்தாள்.

“என்ன தம்பி? என்ன சொல்றார்?”

“நேத்துக் காலையில கரடி வந்திருக்கு அக்கா. சமையல் கூடாரத்துக்கே. துப்பாக்கி இறுகி வேலை செய்யல. உள்ள முழுக்க எண்ணெய். அண்ணன், நான்தான் தெரியாம விட்டேன்னு சொல்லிட்டாராம். துப்பாக்கியைப் பராமரிக்கத் தெரியாத ஆளைத் தனியா விடமுடியாது, வெள்ளிக்கிழமை விமானத்துல திருப்பி அனுப்புறேன்னு சொல்றார்.”

புஸ்பராணி தொலைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “அவரக் கூப்பிடுங்க. ஓவர்!”

இரைச்சல். பிறகு, ஆயிரம் மைல் தூரத்திலிருந்து, தங்கத்துரை. “புள்ள, நீயா? ஓவர்.”

“நான்தான் எண்ணெய் விட்டன். பூசைக்கு. காய்ஞ்சு கிடந்திச்சு எண்டு விட்டன். என்ன மன்னிச்சிருங்க.” விம்மிக்கொண்டு வந்தது. “ஓவர்.”

“தெரியும் புள்ள. பிடிய இழுத்தன், பாதியில நிண்டிட்டு. அப்பதான் அது கூடாரத்து வாசல்ல நிமிர்ந்து நிண்டிச்சு. அம்மாடி! என்னெண்டு சொல்ற? வாசலுக்கு மேலால தலை. வெள்ளை எண்டா நம்மட வெள்ளை இல்ல, பசுநெய் நிறம். கை ஒவ்வொண்டும் சுளகு மாதிரி. பாண் சுடுற அடுப்பு எரிஞ்சிகொண்டிருந்திச்சு. தோட்டாவ எல்லாம் கழட்டிப்போட்டு, துவக்க அடுப்புக் கதவில வச்சன். வேற என்ன செய்ய? அது தலைய உள்ளுக்கு விட்டிட்டு. அதுட மூச்சு என்ர முகத்தில சுட்டிச்சு. ஓவர்.”

கல்யாணசுந்தரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். புஸ்பராணி தொலைபேசியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “ஓவர்,” என்று மட்டும் சொன்னாள்.

“எண்ணெய் உருகி வாசம் வந்திச்சு. உன்ர தலை வாசம், புள்ள. நீ பக்கத்தில நிக்கிற மாதிரி. அதுவும் மூக்கத் தூக்கி மோந்திச்சு. ரெண்டு பேரும் அதையே மோந்துகொண்டு நிண்டம். அதுட கண் சின்னக் கறுப்புக் கண். கோவமே இல்ல. ஆரப்பா நீ, என்ர இடத்தில என்ன செய்யிறாய் எண்டு கேக்கிற கண். எனக்குப் பயம் போயிட்டு. கையெடுத்துக் கும்பிட வேணும் போல இருந்திச்சு. அதுக்குள்ள எண்ணெய் வடிஞ்சு பிடி விட்டிட்டு. தோட்டாவப் போட்டு, கூரைக்கு மேலால சுட்டன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. கை திரும்பத் தேவையே இல்ல. நீ பாத்து எடுத்த சாமான் அதுட வேலய அது செஞ்சிச்சு. அது ஓடல்ல புள்ள. திரும்பி, மெல்லமா, ராசா மாதிரி நடந்து போயிட்டு. ஓவர்.”

“நீங்க ஏன் உங்கட பிழை எண்டு சொன்னீங்க? ஓவர்.”

“மனிசி துவக்கச் சாமிக்கு வச்சுக் கும்பிட்டா எண்டு இவங்களுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துற? விடு புள்ள. வேற வேல பாப்பம். ஓவர்.”

கடைசி வார்த்தைகளில் அந்தக் குரல் அடங்கிவிட்டது, யன்னலுக்குப் பக்கத்தில் இருந்த மனிதனின் குரலாக. அதைக் கேட்டதும் புஸ்பராணிக்குக் கண்ணீர் நின்று கோபம் வந்தது. மூன்று வருடமாகத் தொழிற்சாலையில் யெஸ், நோ, தாங்க்யூ மூன்றைத் தவிர ஆங்கிலம் பேசாதவள் அவள். கரையோரத்தில் அந்த ரேடியோவைத் திறந்து வைத்திருந்த கூடாரங்கள் எல்லாவற்றுக்கும் கேட்க, எழுந்து நின்று பேசினாள்.

“மிஸ்ரர் போஸ். ஐ புட் ஒயில். மீ. வைஃப். ஐ மெசின் ஒப்பரேட்டர். ட்ரை மெசின் வெரி பேட், ஐ திங்க். ஹி கிளீன். ஹி நொட் நோ. ஐ புட், ஃபோர் கோட், சாமி. ஹி டெல் லை ஃபோர் மீ. குட் மேன். குட் குக். யூ நோ சென்ட் ஹிம். ஓவர்.”

இரைச்சல் நீண்டுகொண்டே போனது. பிறகு தலைவரின் குரல் ஏதோ கேட்டது.

“அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு கேக்கிறார்,” என்றான் கல்யாணசுந்தரம். அவனே ஆங்கிலத்தில் பதில் சொன்னான்: இதோ நிற்கிற இந்த அம்மாதான்.

மறுபடி குரல். இந்தத் தடவை அதில் சிரிப்பு இருந்தது. கல்யாணசுந்தரம் கேட்கக் கேட்கச் சொன்னான். “இருபது வருஷமா வடக்கே இருக்காராம். கரடி மூச்சு விடுற தூரத்துல நின்னு, துப்பாக்கியை அடுப்புல வச்சு உருக்கின ஆளை இப்பத்தான் பார்க்கிறாராம். இவ்வளவு நெஞ்சுரம் உள்ளவன் தனியா நிக்கட்டும்ங்கிறார். வெள்ளிக்கிழமை விமானம் வெறுமையாத் திரும்பி வரும், இங்கிருந்து போகும்போது மாவும் முட்டையும் அனுப்புங்கன்னு சொல்றார். உங்க எண்ணெயை மட்டும் வீட்டுலயே வச்சுக்கச் சொல்றார் அக்கா.”

பிறகு தங்கத்துரையின் குரல் வந்தது. “கேட்டியா புள்ள? ஓவர்.”

புஸ்பராணி பேச வாய் திறந்தாள். அவன் பேசுவதற்கு முதல் ஏதோ ஒரு பாட்டின் நுனியை முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டிருந்தது. தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஓவர் என்று சொல்லும்வரை அந்தப் பக்கத்தில் யாரும் பேச முடியாது. தங்கத்துரையும் தலைவரும் மூசோனிக்காரரும் அந்தக் கரை முழுவதும் காத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணசுந்தரமும் அவசரப்படுத்தவில்லை. அவள் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கடைசியில் சொன்னாள்.

“கேட்டன். ஓவர்.”